பக்கத்துத் தெருப் பிள்ளைக்கும் கிடைத்தால்?

சனிக்கிழமை பிற்பகல். கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் விற்பனைக்கு வந்த வீடு ஒன்றின் முன் கார்கள் வரிசையாக நிற்கின்றன. வாசலில் கொடுக்கும் தாளில் படுக்கையறை எத்தனை, சதுர அடி எவ்வளவு என்பதற்குக் கீழே மூன்று பள்ளிகளின் பெயர்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பத்துக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண். இரண்டு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் தாய், சமையலறையை எட்டிப் பார்க்கும் முன்பே மூன்றாவது பெயரில் விரலை வைக்கிறார். அது உயர்நிலைப்பள்ளி. குழந்தை அங்கே போய்ச் சேர இன்னும் பன்னிரண்டு வருடம் இருக்கிறது.

அந்த விரலைப் பேராசை என்று ஒதுக்கிவிட முடியாது. அது எதைத் தேடுகிறது என்று கேட்காமல் விடவும் முடியாது.

சன்னிவேல், கூப்பர்டினோ, சான் ஹோசேயின் மேற்கு ஓரம் எனப் பரந்து கிடக்கிறது ஃப்ரிமான்ட் யூனியன் உயர்நிலைப்பள்ளி மாவட்டம். மான்டா விஸ்டா, லின்ப்ரூக், கூப்பர்டினோ, ஹோம்ஸ்டெட், ஃப்ரிமான்ட் என்று ஐந்து பொதுப்பள்ளிகள். எதிலும் கட்டணம் கிடையாது. ஐந்துக்கும் ஒரே ஸ்கூல் போர்டு. ஆசிரியர்களுக்கு ஒரே சம்பள அட்டவணை. செலவுக்கான பணத்தில் பெரும்பகுதி உள்ளூர்ச் சொத்து வரி. ஆனாலும் கணினி வேலைக்காக வந்து குடியேறிய குடும்பங்கள், தமிழ்க் குடும்பங்கள் உட்பட, முதல் இரண்டு பெயர்களை ஒரு குரலில் சொல்கின்றன. கடைசிப் பெயரை வேறு குரலில் சொல்கின்றன. ஃப்ரிமான்ட் பள்ளியில் வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளும் ஸ்பானிஷ் பேசும் வீட்டுப் பிள்ளைகளும் அதிகம். எந்தப் பள்ளி என்பதைப் பெரும்பாலும் முகவரிதான் முடிவு செய்கிறது. எனவே பள்ளியைத் தேர்ந்தெடுப்பது என்றால் வீட்டைத் தேர்ந்தெடுப்பது. கூப்பர்டினோவில் சாதாரணத் தனி வீடே 20 லட்சம் டாலரைத் தாண்டும்.

இந்த விலையில் எவ்வளவு பள்ளிக்கு, எவ்வளவு வீட்டுக்கு? பொருளியலாளர் சாண்ட்ரா பிளாக் 1999இல் பாஸ்டன் புறநகர்களில் இதை ஆராய்ந்தார். பள்ளி எல்லைக் கோட்டின் இரு பக்கமும் ஒட்டி நிற்கும், மற்றபடி ஒரே மாதிரியான வீடுகளை ஒப்பிட்டார். தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடினால், பெற்றோர் வீட்டுக்கு 2.5 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். ஆனால் அந்த மதிப்பெண் பள்ளியின் உழைப்பை மட்டும் காட்டுவதில்லை. அதில் வீட்டின் வசதி, பெற்றோரின் படிப்பு, டியூஷன் எல்லாமே கலந்திருக்கின்றன. ஒரே நிர்வாகமும் ஒரே சம்பளமும் உள்ள மாவட்டத்துக்குள் பெற்றோர் பெரும்பாலும் ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பதில்லை. தம் பிள்ளையின் பக்கத்தில் யார் வீட்டுப் பிள்ளை உட்காரும் என்பதையே தேர்ந்தெடுக்கிறார்கள். அறக்கேள்வி இங்கேதான் தொடங்குகிறது.

தன் பிள்ளைக்குத் தனி அக்கறை காட்டுவது குற்றமில்லை. தத்துவ அறிஞர்கள் ஹாரி பிரிக்ஹவுஸும் ஆடம் ஸ்விஃப்டும் 2014இல் எழுதிய நூலில் இரவுக்கதையை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். படுக்கையில் கதை கேட்டு வளரும் குழந்தை மற்றக் குழந்தைகளை முந்தக்கூடும். அதற்காகக் கதை சொல்லாதே என்று யாரும் தடுக்கக் கூடாது. தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள உறவே அந்தக் கதையில்தான் வாழ்கிறது. பணத்தால் வாங்கும் முன்னுரிமைக்கு அந்த நியாயம் இல்லை.

இதை ஒரு வீட்டுக்குள் சோதித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்: நான் விரும்பும் இதே நன்மை பக்கத்துத் தெருப் பிள்ளைக்கும் கிடைத்தால், என் பிள்ளைக்கு அது குறைந்துபோகுமா?

ஒரு பிள்ளைக்குக் காது கேட்பதில் சிரமம். அதற்கு உதவத் தெரிந்த ஆசிரியர் ஒரு பள்ளியில் இருக்கிறார். இன்னொரு பிள்ளை பழைய பள்ளியில் அடியும் ஏச்சும் வாங்கி ஒடுங்கிப்போயிருக்கிறது. வேறொரு பிள்ளைக்கு டிராம்போன்தான் உயிர். இவர்கள் தேடுவது எல்லாருக்கும் கிடைத்தாலும் யாருக்கும் எதுவும் குறையாது. அதைத் தேடுவதில் தவறு துளியும் இல்லை. ‘நல்ல செட்டு’ என்று சொல்லி, வசதியான வீட்டுப் பிள்ளைகளின் சேர்க்கையைத் தேடுவது வேறு. எல்லாரும் உள்ளே வந்துவிட்டால் அதன் மதிப்பு போய்விடும்; வெளியே யாராவது நின்றால்தான் அது நிலைக்கும். அந்த யாரோவும் ஒரு வீட்டுப் பிள்ளைதான்.

‘மற்றவர்களைத் தாழ்த்த அல்ல, என் பிள்ளையைக் காக்கத்தானே’ என்று கேட்கலாம். உண்மையான கவலை அது. ஆனால் 2005இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதிய செய்தியையும் நினைக்க வேண்டும். மான்டா விஸ்டா, லின்ப்ரூக் பள்ளிகளில் ஆசியப் பிள்ளைகள் பெருகினார்கள், போட்டி கடுமையானது என்று வெள்ளையர் குடும்பங்கள் அங்கிருந்து விலகிய கதை அது. விலகியவர்களும் தம் பிள்ளையைக் காப்பதாகவே நினைத்தார்கள். நம் பிள்ளையைக் கூட்டமாகப் பார்த்து ஒருவர் விலகியது நமக்கு வலித்தது என்றால், இன்னொருவர் பிள்ளையை அப்படிப் பார்த்து நாம் விலகும்போது அந்த வலியின் பெயர் மாறுவதில்லை.

கணக்கு தலைகீழாகத் திரும்புவதும் உண்டு. டெக்சஸ் மாநிலம் 1997இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது: எந்தப் பள்ளியானாலும் வகுப்பின் முதல் பத்து சதவீதத்துக்குள் வந்தவருக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம். பெயர் தெரியாத பள்ளிகளின் பிள்ளைகளுக்கும் கதவு திறக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அந்தச் சட்டம் வந்த பிறகு சிலர், ரேங்க் எளிதில் கிடைக்கும் என்று போட்டி குறைந்த பள்ளிகளுக்குப் பிள்ளைகளை மாற்றியதை 2013இல் வெளிவந்த பொருளியல் ஆய்வு ஒன்று காட்டியது. பார்ப்பதற்கு அது சமத்துவம் போலிருக்கும். ஆனால் வகுப்புத் தோழர்கள் அங்கேயும் படிக்கட்டுகள்தான். அவர்களுக்கென்று திறந்த கதவில் இன்னொருவர் முந்திக்கொள்கிறார். சேரும் பள்ளி உயர்ந்ததா தாழ்ந்ததா என்பதைவிட, எந்த எண்ணத்தோடு சேர்கிறோம் என்பதே எடைக்கல்.

பொய் முகவரியும் இந்தப் பேச்சில் வராமல் போகாது. ஒஹாயோவின் ஆக்ரன் நகரத்தில் ஒரு தாய், தன் தந்தையின் முகவரியைக் காட்டி மகள்களைப் பக்கத்து மாவட்டப் பள்ளியில் சேர்த்தார். 2011இல் அதற்காகச் சிறைக்குப் போனார். ஆளுநர் தலையிட்டுக் குற்றத்தின் தரத்தைப் பின்னர் குறைத்தார். பொய் பொய்தான்; யார் கேட்டாலும் தாத்தா வீட்டு விலாசத்தைச் சொல்லப் பழகும் பிள்ளை, படிப்புக்கு முன்பே வேறொரு பாடம் கற்கிறது. ஆனால் அவர் பொய் சொல்லி அடைய முயன்றதை, வசதி உள்ளவர் பத்திரம் பதிந்து வாங்கிவிடுகிறார். சட்டம் ஒருவரைத் தண்டித்து மற்றவருக்கு வழிவிடுவதால் மட்டும் இருவருக்கும் இடையே அறத்திலும் அவ்வளவு தூரம் உண்டு என்று ஆகிவிடாது.

அப்படியானால் வீட்டை விற்றுவிட்டுக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போக வேண்டுமா? வேண்டியதில்லை. ஒரு குடும்பம் தன் பிள்ளையைத் தியாகம் செய்து ஊரின் ஏற்றத்தாழ்வைத் தீர்த்துவிட முடியாது. அப்படிக் கேட்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநீதி. ஆனால் முகவரி முடிவானதும் கடமை முடிந்துவிடுவதில்லை. ஐந்து பள்ளிகளும் ஒரே போர்டின் கையில் இருப்பதால் ஒவ்வொரு வாக்கும் ஐந்துக்குமான வாக்கு. எல்லைக் கோட்டை மாற்றி வரையும் பேச்சு எழும்போது கூட்டத்தில் எழுந்து பேசுபவர் வீட்டு விலைக்காகப் பேசுகிறாரா, பிள்ளைகளுக்காகப் பேசுகிறாரா என்பது அங்கே தெரிந்துவிடும். பள்ளிக் கட்டடக் கடன் பத்திரத்துக்குக் கலிஃபோர்னியாவில் 55 சதவீத வாக்கு வேண்டும். தன் பிள்ளை படிக்காத பள்ளிக்கும் சேர்த்தே அந்த வாக்கைப் போட வேண்டியிருக்கிறது.

இதைவிடச் சிறிய கடமை ஒன்றும் உண்டு. அதற்குப் பணமே வேண்டாம். பிறந்தநாள் விழாவில் பிள்ளைகள் கேக்குக்காகக் கூடி நிற்கிறார்கள். யாரோ ஒருவர் தன் மகள் ஃப்ரிமான்ட் போகப்போகிறாள் என்கிறார். ‘ஐயோ, அந்த ஸ்கூலா?’ என்று பெரியவர் ஒருவரின் வாயில் வந்துவிடுகிறது. கையில் காகிதத் தட்டோடு அந்தப் பெண் நிமிர்ந்து பார்க்கிறாள். அவள் பள்ளிக்குப் போகும் முன்பே அதன் மதிப்பெண் அவளுக்குச் சொல்லப்பட்டுவிட்டது. பள்ளி எதுவானாலும், அந்தக் கேள்வியை விழுங்கிவிட்டு ‘அங்கே என்ன படிக்கப் போறே கண்ணு?’ என்று கேட்பதற்கு எந்த முகவரியும் தேவையில்லை.