இல்லை என்று சொல்லும் உரிமை

"பிழை இல்லை" என்று ஒருவர் சொல்லும்போது அவருக்கு எது தெரிந்திருக்கிறது? பிழை கண்ணில் படவில்லை என்பது மட்டுமா, இருந்திருந்தால் கட்டாயம் கண்ணில் பட்டிருக்கும் என்பதும் சேர்ந்தா? வரிச்சிக்குடியில் வீட்டிலிருந்தபடி கடைகளுக்கான பில் மென்பொருள் எழுதுகிற எனக்கு இது அன்றாடம் எதிரே வந்து நிற்கும் கேள்வி.

எங்கள் ஊர் காரைக்கால் மாவட்டம். வடக்கே பூவம் தாண்டி நண்டலாற்றைக் கடந்தால் தமிழ்நாடு. பொறையார் இங்கிருந்து சில கிலோமீட்டர்தான். புதுச்சேரியோ நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆனால் 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்த பிறகு, காரைக்கால் கடைக்காரர் பொறையார் கடைக்கு ஆயிரம் ரூபாய் பெயிண்ட் அனுப்பினால் அது வெளி மாநில விற்பனை: இன்றைய விகிதத்தில் ஐ.ஜி.எஸ்.டி. 180 ரூபாய். அதே பெயிண்ட் கடலூரையும் தாண்டிப் புதுச்சேரிக்குப் போனால் உள் விற்பனை: சி.ஜி.எஸ்.டி. 90, எஸ்.ஜி.எஸ்.டி. 90. வாங்குபவரின் ஜி.எஸ்.டி. எண்ணில் முதல் இரண்டு இலக்கம் 33 என்றால் தமிழ்நாடு, 34 என்றால் புதுச்சேரி. பிரித்துச் சொல்வது அந்த இரண்டு இலக்கம்தான்.

என் கைக்கு வந்த ஒரு நிரலில் இந்தக் கணக்குக்கு யூனிட் டெஸ்ட் எழுதப்பட்டிருந்தது. பெயர் 'பில் டெஸ்ட் 3'. ஆயிரம் ரூபாய்க்குப் பில் போட்டு, மொத்தம் 1180 வருகிறதா என்று பார்த்தது. வந்தது. பச்சை, அதாவது டெஸ்ட் தேறியது. பொறையார் பில்லில் 90, 90 என்று தவறாகப் பிரித்தாலும் மொத்தம் 1180தான். அப்போதும் பச்சைதான். அந்த டெஸ்ட் எத்தனை ஆயிரம் தடவை ஓடினாலும் இந்தப் பிழையைக் காணவே முடியாது. வரி தவறான தலைப்பில் போய்விட்டால் கடைக்காரர் சரியான தலைப்பில் மறுபடி கட்டிவிட்டு, முதலில் கட்டியதைத் திரும்பத் தரச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். சின்னக் கடைக்கு அது சின்ன விஷயமில்லை.

நம் தருக்க நூலார் எடுத்தாளும் உதாரணம் ஒன்று உண்டு. தரையில் குடம் இல்லை என்பது எப்படித் தெரிகிறது? குடத்தைக் காணவில்லை என்றால் மட்டும் போதாது. வெளிச்சம் இருக்க வேண்டும், கண் நன்றாக இருக்க வேண்டும், குடம் இருந்திருந்தால் தெரிந்திருக்க வேண்டும். இவ்வளவும் கூடினால்தான் காணாமை அறிவாகிறது. இருட்டறையில் நின்று குடம் இல்லை என்பவர் எதையும் அறியவில்லை. 7ஆம் நூற்றாண்டில் பௌத்த தருக்க அறிஞர் தர்மகீர்த்தி இதைக் கூர்மையாக்கினார்: காணத் தக்கது காணப்படாதபோதுதான் இல்லை எனலாம்; இயல்பாகவே கண்ணுக்குத் தெரியாத பிசாசைக் காணவில்லை என்பதால் அது இல்லை என்று முடிவுகட்ட முடியாது. சோதனையால் பிழை இருப்பதைக் காட்டலாமே தவிர இல்லாததைக் காட்ட முடியாது என்று கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1969இல் ரோம் மாநாட்டில் சொன்னார். அதை மறுக்க எனக்கு வழியில்லை. ஆனால் 'இல்லை' என்று சொல்லும் உரிமை எங்கே, எந்த அளவுக்குக் கிடைக்கும் என்பதை தர்மகீர்த்தி வழியாகத்தான் நான் புரிந்துகொண்டேன். இந்த இடத்தில், இந்தப் பிழை, இருந்திருந்தால் தெரிந்திருக்கும். அவ்வளவுதான் ஒரு நல்ல டெஸ்ட் சொல்லக்கூடியது. அது குறைவானதில்லை.

அதனால் டெஸ்ட் எழுதியதும் நிரலை வேண்டுமென்றே கெடுத்துப் பார்ப்பேன். மாநில எண்ணை ஒப்பிடும் வரியை எடுத்துவிட்டு ஓட்டுவேன். டெஸ்ட் தோற்றுச் சிவப்பு வந்தால், குடம் தேடும் அறையில் விளக்கு எரிகிறது என்று பொருள். வராவிட்டால் அந்த டெஸ்டை வைத்திருக்கக் கூடாது.

திருவேட்டக்குடி என்.ஐ.டி.யில் படிக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி ஒருநாள் கேட்டான்: "அக்கா, வரியை டெஸ்டுக்குள்ளயும் அதே ஃபார்முலா போட்டுக் கணக்குப் பண்ணிட்டா, ரேட் மாறினாலும் டெஸ்டைத் தொடவே வேணாமே?" புத்திசாலித்தனமாகத் தெரியும் யோசனை. நிரலைச் சரிபார்க்க நிரலையே சாட்சிக்குக் கூப்பிடுவது இது. தருக்கத்தில் தன்னைப் பற்றுதல் என்ற குற்றம். ஃபார்முலா தவறென்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தவறி, பச்சை காட்டும். டெஸ்டில் 180 என்று எண்ணாகவே எழுதச் சொன்னேன். அந்த எண்ணைக் கடைக்காரர் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம்.

படிப்பவர் சரிபார்க்க இடம் விடும் வழக்கம் புதிதில்லை. மெய்கண்டாரின் சிவஞான போதம் 12 நூற்பா, 40 அடி. அதன் பொருளைக் கூறு கூறாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று அமைத்திருக்கிறார்கள். என்ன சொல்கிறேன், ஏன் சொல்கிறேன், எங்கே பார்க்கலாம். கடவுளைப் பற்றிப் பேசும் நூல் நம்பு என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. படிப்பவன் நின்று சரிபார்க்க இடம் விட்டது. மணிமேகலை காப்பியத்திலும் அறவண அடிகள் காஞ்சியில் மணிமேகலைக்குத் தருமம் சொல்லுமுன் பக்கம், ஏது, திட்டாந்தம் ஆகியவற்றையும் அவற்றின் போலிகளையும் வரிசையாகச் சொல்லித் தருகிறார். போலியை அடையாளம் காணத் தெரியாதவளுக்கு உண்மையைச் சொல்லிப் பயனில்லை என்று நினைத்திருப்பார்.

நான் எழுதும் டெஸ்டுக்கும் அந்த மூன்று உறுப்பு போதும். 'பில் டெஸ்ட் 3' என்ற பெயரில் மேற்கோளே இல்லை. இப்போது அதன் பெயர்: 'காரைக்காலிலிருந்து பொறையாருக்கு அனுப்பினால் ஐ.ஜி.எஸ்.டி. மட்டும்'. உள்ளே விற்பவர் 34, வாங்குபவர் 33, சரக்கு 1000. அடுத்து பில் போடும் ஒரே வரி. அதன்கீழ் ஐ.ஜி.எஸ்.டி. 180, மற்ற இரண்டும் சுழி. ஏது அந்த 34, 33இலேயே தெரிகிறது. அடுத்த டெஸ்ட் புதுச்சேரிக்கு. இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்குத் தூரம் ஒரு பொருட்டில்லை என்பது விளங்கிவிடும். அதை விளக்க வேறு குறிப்பு எழுத வேண்டியதில்லை. வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர், டெலிவரி நேரம் எல்லாவற்றையும் டெஸ்டுக்குள் கொட்டினால் ஏது அதற்குள் புதைந்துபோகும்.

படிக்க வருகிறவரை நான் பார்க்கப் போவதில்லை. அவர் வரும்போது வரி விகிதம் மாறியிருக்கும், டெஸ்ட் சிவப்பாகும், நிரல் தவறா டெஸ்ட் பழசா என்று அவர் தனியாக உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும். சிவஞான சித்தியார் காட்சி, கருதல், உரை என மூன்று அளவைகளைக் கொள்கிறது. டெஸ்ட் ஓடுவது எனக்குக் காட்சி; அவருக்கு அது என் உரை. உரைக்குச் சொன்னவரின் நேர்மைதான் பலம். புரியாதபடி எழுதிய டெஸ்டை அவர் ஒன்று குருட்டுத்தனமாக நம்ப வேண்டும், இல்லை அழிக்க வேண்டும். அந்த நிலைக்கு ஒருவரைத் தள்ளுவதை நான் அறப்பிழை என்றே கருதுகிறேன்.

ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவுக்குக் காரைக்கால் போகும்போதெல்லாம் காரைக்கால் அம்மையாரின் கணவன் பரமதத்தனை நினைப்பேன். மாங்கனி இறைவன் அருளால் வந்தது என்று மனைவி சொல்கிறாள். அவன் இன்னொரு கனி வரவழைத்துக் காட்டு என்கிறான். அம்மையார் கோபப்படவில்லை. வேண்டினார், கனி வந்தது, அவன் கைக்குப் போனதும் மறைந்தது. அருளைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்க முடியாது. கடைக்காரரின் கணக்கை ஓட்டிப் பார்க்க முடியும். முடிகிற இடத்தில் கேட்பவருக்குக் காட்டாமல் நம்பச் சொல்வது பக்தியும் ஆகாது.

ஜி.எஸ்.டி. எண் இல்லாத வாடிக்கையாளர் விஷயம் பாக்கி இருந்தது. முகவரி மட்டும் இருக்கும். பின்கோடின் முதல் மூன்று இலக்கத்தை வைத்து மாநிலத்தை ஊகிக்கலாம் என்று தம்பி சொன்னான். காரைக்கால் 609602, பொறையார் 609307. புதுச்சேரி 605001, விழுப்புரம் 605602. மாநிலம் வேறு, முதல் மூன்று இலக்கம் ஒன்றே. அது ஐயக்காட்சி, அதன்மேல் முடிவு நிற்காது. ஆகவே அவனே உட்கார்ந்து இன்னொரு டெஸ்ட் எழுதினான்: '609 மட்டும் தெரிந்தால் வரி போடாதே, மாநிலத்தைக் கேள்'. முதலில் சிவப்பாக்கிக் காட்டிவிட்டுத்தான் பச்சையாக்கினான்.