எச்சம்

ஒரு மென்பொருள் புராஜெக்ட் எப்போது முடிகிறது? ரிலீஸ் ஆன அன்றா, வாடிக்கையாளர் ஒப்புதல் தந்த அன்றா, கடைசிப் பிழையைத் திருத்திய அன்றா? பார்வைக்கு இது நிர்வாகக் கேள்வி. உள்ளே இருப்பது அறக் கேள்வி. குறையுள்ள மனிதன் எந்த உரிமையில் ஒரு வேலையை ‘முடித்தேன்’ என்கிறான்? வினைசெயல்வகை அதிகாரத்தில் வள்ளுவர், மிச்சம் வைத்த வினையை அணைக்காமல் விட்ட நெருப்போடு ஒப்பிட்டு, அது பின்னால் கெடுக்கும் என்று எச்சரிக்கிறார். அவர் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டால், உலகில் ஓடுகிற மென்பொருள்களில் பெரும்பாலானவை முடியாத வேலைகள்தாம். பிழையே இல்லாத நிலையை முடிவு என்று கொள்ளாமல், எஞ்சியதை மறைக்காமல் ஒப்புக்கொள்வதை முடிவு என்று கொள்வதே சரி என்பது என் வாதம்.

இதற்குச் சான்றாக நிற்பது கணினி அறிவியல் பேராசிரியர் டொனால்ட் கனூத் எழுதிய ‘டெக்’ என்ற மென்பொருள். 1977-ல் தம் நூலின் மறுபதிப்புக்கு வந்த அச்சுப்படி மனத்துக்கு ஒவ்வாததால், அச்சுக்கோப்புக்கான மென்பொருளைத் தாமே எழுத முனைந்தார். 1978-ல் முடித்துவிடலாம் என்று நினைத்தார். பத்தாண்டுக்கு மேல் ஆனது. அந்தக் காலத்தில் செய்த 800-க்கும் மேற்பட்ட திருத்தங்களை மறதி, அசட்டுத் தவறு, தட்டச்சுப் பிழை என்றெல்லாம் 15 வகையாகப் பிரித்து 1989-ல் வெளியிட்டார். பிறகு, இனிப் புதிய வசதி எதுவும் சேர்ப்பதில்லை என்று அறிவித்தார். அதன்பின் வரும் திருத்திய வெளியீடு ஒவ்வொன்றுக்கும் பதிப்பு எண்ணில் ‘பை’ (π) என்ற கணித எண்ணின் அடுத்த இலக்கம் ஒன்று கூடுகிறது, 2021-ல் அது 3.141592653. பையின் இலக்கங்களுக்கு முடிவில்லை. நெருங்கலாம், எட்ட முடியாது என்பதை அந்த எண்ணே சொல்லிவிடுகிறது.

கெடுவும் வாடிக்கையாளரும் இல்லாத பேராசிரியருக்கு இது சரி, நிறுவனத்துக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். ஐபிஎம்மின் ஓஎஸ்/360 இயங்குதளப் பணியை நடத்திய பிரெட் புரூக்ஸ் 1975-ல் எழுதிய நூலில் இதற்கு விடை இருக்கிறது. ஒரு பிழையைத் திருத்தும்போது இன்னொன்று நுழைந்துவிடும் வாய்ப்பு 20 முதல் 50 சதவீதம் என்று அவர் கணித்தார். பல்லாயிரம் பேர் உழைப்பைச் செலவிட்டாலும் பூரணம் கைக்கு எட்டாது; திருத்துவதே ஒரு கட்டத்தில் புதிய பிழைக்கு வாசலாகிறது. எங்கே நிறுத்துவது என்று தீர்மானிக்கும் பொறுப்பு பெரிய நிறுவனத்துக்குத்தான் கூடுதல்.

இன்னும் கனமான மறுப்பு ஒன்று உண்டு: குறையோடு நிறுத்துவது உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் பாவம் அல்லவா? தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம் 1985-க்கும் 1987-க்கும் இடையில் ஆறு நோயாளிகளுக்கு அளவுமீறிய கதிரைச் செலுத்தியது, சிலர் இறந்தார்கள். மென்பொருளில் பிழை இருந்தது உண்மை. ஆனால் முந்தைய மாதிரிகளில் ஆபத்தைத் தடுத்துவந்த வன்பொருள் பூட்டுகளை, மென்பொருளே போதும் என்று நம்பித் தயாரிப்பாளர்கள் எடுத்துவிட்டிருந்தார்கள். புகார் வந்தபோதும், அளவு மிகுவது நடக்கவே முடியாத காரியம் என்று பதில் சொன்னார்கள். அங்கே உயிரைப் பறித்ததில், குறையே இல்லை என்ற இறுமாப்புக்குப் பெரும் பங்கு உண்டு. தன் வேலையில் பிழை எஞ்சியிருக்கும் என்று ஒப்புக்கொள்பவனே காவலுக்கு இன்னொரு பூட்டு வைப்பான்.

வள்ளுவரின் எச்சரிக்கை இப்போது இன்னும் கூர்மையாகிறது. சுடுவது சாம்பலுக்குள் மறைந்த நெருப்பு. இன்ன இடத்தில் கனல் இருக்கிறது என்று எழுதிவைத்தால், அடுத்து வருபவன் கால் வைக்கமாட்டான். தமிழில் எச்சம் என்ற சொல்லுக்கு மிச்சம் என்றும் பொருள், ஒருவருக்குப் பின் நிலைப்பது என்றும் பொருள். ஒரு புராஜெக்டை ஒப்படைக்கும் நாளில் செய்தவற்றின் பட்டியலோடு செய்யாதவற்றின் பட்டியலையும் எழுதிக் கையெழுத்திடுங்கள். அந்த இரண்டாவது தாள் இல்லாத வேலை முடிந்த வேலை ஆகாது.