மரத்தின்மீது இரக்கமா?

செம்பவாங் என்னும் பெயரே ஒரு மரத்தின் பெயரிலிருந்து வந்ததென்பர். அவ்வூரில் மரத்தை வெட்டுதல் தர்மமா என்னும் வினா எழுந்ததில் வியப்பென்ன?

சென்ற மாதம் அங்கு உறவினர் ஒருவர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவர் வீட்டுக் கூரைமேல் கவிந்து நின்ற பெரிய தூங்குமூஞ்சி மரத்தை அன்று கிரேன் கொண்டு இறக்கினர். அதன் அடிமரத்தில் தட்டுப் போன்ற காளான் தோன்றி மூன்றாண்டுகளாயின. வெளியே காளான் தோன்றினால் உள்ளே மரம் மக்கி வருகிறதென்று கொள்ளலாம். அன்றே வெட்டச் சொன்னோர் உண்டு. "நிழல் தந்த ஜீவனுக்குத் துரோகம் செய்வதா?" என்று உறவினர் மறுத்தார். ஆங்கிலப் பள்ளியில் இயற்கைக் கவிதை பயின்ற நாமும் அவரை மெச்சினோம்!

அந்த இரக்கத்தின் விலையை நேரில் கண்டோம். மரம் ஆளைத் தாங்கும் நிலையில் இல்லை. ஆதலின் ஓர் இளைஞர் வேறோர் இயந்திரத்தின் கூண்டில் உயரே சென்றார். கிளையில் வாரைப் பூட்டி, கிரேன் பாரத்தை ஏற்றபின் அடியில் அறுக்க, கிளை கூரைக்கு மேலாகச் சென்று வீதியில் இறங்கிற்று. கிரேனின் கை நீள நீள அது தூக்கும் வலு குறையும். கிளையின் எடையைக் குறைவாக மதித்துவிட்டால் கூரை மட்டுமா போகும்?

இறங்கி வந்தவர் தமிழ்நாட்டு இளைஞர். "பயமில்லையா, தம்பி?" என்றோம். "மூணு வருஷம் முந்தியே கூப்பிட்டிருந்தால் கயிற்றிலேயே ஏறி இறக்கியிருப்போம், அண்ணே" என்றார். நமக்கு மறுமொழி தோன்றவில்லை.

தோட்டத்து ஆபீசில் பேரேடு எழுதுவது நம் தொழில். இவ்வாண்டுச் செலவை அடுத்த ஆண்டில் எழுதினால் செலவு அழிந்துவிடாது என்பதை அறிவோம். தாமதித்த அபாயமும் அத்தகையதே. தாமதித்தவர் தலையை விட்டுக் கூலிக்கு வருபவர் தலையில் அது ஏறுகிறது. கருணையின் பெயர் நமக்கு, கூண்டு அவருக்கு! இது நியாயமா என்று கேட்கின்றோம்.

ஆயின் சந்தேகப்பட்ட மரங்களையெல்லாம் வெட்டுக என்கிறோமா? இல்லை. 2017 பிப்ரவரி 11 அன்று சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் 270 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, 40 மீட்டர் உயரத் தெம்புசு மரம் சாய்ந்து ஒரு பெண்மணி உயிர் நீத்தார். அது முந்திய செப்டம்பரில் பரிசோதிக்கப்பட்ட மரமே. மனிதன் காண இயலாத கேடும் உண்டு. அதற்கு எவரையும் நோவதற்கில்லை. கண்ணாற் கண்டும் காணாதிருந்ததற்கோ நாம் பதில் சொல்லியாக வேண்டும்.

மரத்தை நேசிப்போர் மழைக்காலத்திற்கு முன் ஒருமுறை அதன் அடியைச் சுற்றிவந்து பார்ப்பாராக. ஐயம் தோன்றின் அறிந்தவரை உடனே அழைப்பாராக. வெட்டியே தீரவேண்டுமெனில், மரம் ஆளைத் தாங்கும்போதே வெட்டி, அவ்விடத்தில் ஒரு கன்றை நடுவாராக.