ஐந்தாவது அடி

திருநின்றவூரில் மனை வாங்கி வீடு கட்ட இறங்குபவரிடம் மேஸ்திரி முதலில் கேட்பது எத்தனை ரூம் என்றல்ல. "பக்கத்து வீட்டு பேஸ்மட்டம் எவ்ளோ சார்?" என்றுதான்.

ஏரிப் பாசனத்தில் இருந்த ஊர் இது. 'நகர்' என்று பெயர் சூட்டிய மனைப்பிரிவுகளில் பலவும் முன்பு வயலாகக் கிடந்த தாழ்ந்த நிலம். 2015 மழைக்குப் பிறகு இந்தப் பக்கத்தில் வீடு கட்டும் யாருக்கும் தண்ணீரின் நினைப்பு இல்லாமல் கடைக்கால் எடுக்க மனம் வருவதில்லை. ஒருவர் மூன்றடி உயர்த்துகிறார். அவரைப் பார்த்து அடுத்தவர் நாலடி. அதற்கடுத்த மனைக்காரர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, எதற்கு வம்பு என்று ஐந்தடிக்கு ரப்பீஸும் கிராவலும் கொட்டுகிறார். நடுவில் சிக்கிய பழைய வீட்டுக்காரரின் வாசலில், எல்லா மனையிலிருந்தும் இறங்கிய தண்ணீர் வந்து நிற்கிறது. வசதி இருந்தால் அவர் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார். இல்லையென்றால் வாசற்படிக்குக் குறுக்கே செங்கல் தடுப்பு கட்டிக்கொள்கிறார்.

இதை வெறும் போட்டி என்று சிரித்துவிட எனக்கு மனமில்லை. பக்கத்து மனை உயர்ந்தால் தண்ணீர் என் பக்கம் வரும் என்பது உண்மை. அண்டை வீட்டைப் பார்த்து நான் உயர்த்துவதில் அறிவும் இருக்கிறது. ஆனால் நாலாவது அடிவரை தண்ணீருக்காக உயர்ந்த வீடு, ஐந்தாவது அடியில் வேறு காரணத்துக்கு மாறிவிடுகிறது. எதிர்வீட்டை விடத் தணிந்து தெரியக்கூடாது, கிரகப்பிரவேசத்துக்கு வரும் சம்பந்தி அண்ணாந்து பார்க்க வேண்டும். எந்த வரிசைச் செங்கலில் இந்த மாற்றம் நடந்தது என்று கட்டியவரைக் கேட்டால் தெரியாது. முழுக்க முழுக்கத் தண்ணீருக்காகத்தான் என்று சத்தியம் செய்வார். பொய்யில்லை, அப்படித்தான் நம்புகிறார்.

இந்த இரண்டையும் உளவியலாளர்கள் தனித்தனியாகப் பார்த்திருக்கிறார்கள். 1935-ல் முசாஃபர் ஷெரிஃப் இருட்டறையில் ஒரு சின்ன ஒளிப்புள்ளியைக் காட்டி, அது எவ்வளவு தூரம் நகர்கிறது என்று கேட்டார். புள்ளி நகரவே இல்லை. இருட்டில் நகர்வதுபோல் கண்ணுக்குத் தோன்றும், அவ்வளவுதான். தனியாக இருந்தபோது ஆளுக்கொரு அளவு சொன்னவர்கள், குழுவாக உட்கார்ந்ததும் மெல்ல மெல்ல ஒரே அளவுக்கு வந்து சேர்ந்தார்கள். தெரியாத விஷயத்தில் பக்கத்தில் இருப்பவரைத்தான் கேட்போம், அதில் தப்பில்லை. சாலமன் ஆஷ் 1951-ல் வெளியிட்ட சோதனையில் தெரியாதது என்று எதுவுமில்லை. எந்தக் கோடு எந்தக் கோட்டுக்குச் சமம் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அறையில் இருந்த மற்றவர்கள், முன்பே பேசிவைத்தபடி, கூசாமல் தப்பான கோட்டைச் சொன்னபோது, பெரும்பாலானவர்கள் ஒரு தடவையாவது அவர்களோடு சேர்ந்து தப்பைச் சொன்னார்கள். விடையை வாயால் சொல்லாமல் தாளில் எழுதலாம் என்றதும் இது பெருமளவு குறைந்தது. 1955-ல் மார்ட்டன் டாய்ச்சும் ஹெரால்ட் ஜெரார்டும் இரண்டுக்கும் தனித்தனிப் பெயரே கொடுத்தார்கள்: மற்றவர் சொல்வதைத் தகவலாக எடுத்துக்கொள்வது ஒன்று, மற்றவர் முகம் கோணாமல் இருக்க ஒத்துப்போவது இன்னொன்று. ஆய்வறையில் பிரிந்து நிற்கும் இந்த இரண்டும் எங்கள் தெருவில் ஒரே சிமெண்டுக் கலவையாகி விடுகின்றன.

இந்த ஊரிலேயே ஒருவர் இரண்டையும் பிரித்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பூசலார். கதை ஊரறிந்தது. கோயில் கட்டப் பணம் தேடி அலைந்து, கிடைக்காமல், மனத்துக்குள்ளேயே கட்டினார். காஞ்சியில் கற்றளி எழுப்பிய பல்லவன் குடமுழுக்குக்குக் குறித்த அதே நாளில், இறைவன் அவன் கனவில் வந்து, நின்றவூர்ப் பூசலின் கோயிலுக்குப் போகிறோம், உன் விழாவை வேறொரு நாள் வைத்துக்கொள் என்றார். அரசன் வந்து கோயில் எங்கே என்று கேட்டபோது ஊர்க்காரர்கள், அப்படி ஒன்று இங்கே இல்லையே என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாமல் கட்டியிருக்கிறார் மனிதர்! பன்னிரண்டாம் நூற்றாண்டில் இதைப் பாடிய சேக்கிழாரும் அக்கம்பக்கத்தவர்தான். பூந்தமல்லியைத் தாண்டினால் அவர் பிறந்த குன்றத்தூர்.

பக்தியைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி போதாது. என்னைப் பிடித்து நிறுத்துவது வேறு. மனத்துக்குள் கட்டுவதென்றால் எப்படி வேண்டுமானாலும் கட்டியிருக்கலாம். ஒரு நொடியில் கோபுரத்தை நிறுத்தியிருக்கலாம். அவரோ பொருள் சேர்க்கிறார், தச்சர்களைத் தேடுகிறார், நல்ல நாள் பார்த்து அடிநிலை போடுகிறார், தூங்காமல் படிப்படியாக எழுப்புகிறார், சுதை வேலை முடிக்கிறார், கிணறும் மதிலும் குளமும்கூட மறக்கவில்லை. இதெல்லாம் அவர் பிறரிடமிருந்து பெற்றது. தலைமுறை தலைமுறையாகக் கட்டியவர்கள் வகுத்த முறை. அதை அப்படியே வாங்கிக்கொண்டார். பார்க்கிறவர்களை மட்டும் விட்டுவிட்டார். பிறர் பாதிப்பே இல்லாத மனிதர் என்று அவரைச் சொன்னால் அது தவறு. யாரிடம் எதை வாங்கலாம் என்று தெரிந்தவர்.

நமக்கு அது அவ்வளவு எளிதில் வாய்ப்பதில்லை. காலை மின்சார ரயிலுக்கு ஓடுகையில் பத்துப் பேர் தண்டவாளத்தைக் கடந்தால் பதினோராவது கால் தானாக இறங்குகிறது. அந்தப் பத்துப் பேரிடம் தண்டவாளத்தைப் பற்றி நமக்குத் தெரியாத எந்தத் தகவலும் இல்லை.

ஆஷ் இன்னொன்றும் கண்டார். அறையில் ஒரே ஒருவர் சரியான கோட்டைச் சொன்னாலும் போதும், மற்றவர்களின் பிடி சட்டென்று தளர்ந்துவிடும். எங்கள் தெருவில் புது ரோடு போட ஜல்லி வந்து இறங்கிய அன்று இதைப் பார்த்தேன். வீடுகள் பள்ளத்தில் போவதற்குப் பாதிக் காரணமே, பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போடுவதுதான். பழையதைச் சுரண்டி எடுத்து, அதே மட்டத்தில்தான் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளர் உத்தரவே போட்டிருந்தார். தெருவில் பலருக்கும் அது தெரியும். ஆனாலும் கைகட்டி நின்றிருந்தோம். யாரும் கேட்கவில்லை என்பதால் யாரும் கேட்கவில்லை. கோடி வீட்டுப் பெரியவர்தான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, "தம்பி, சுரண்டிட்டுப் போடுங்க. இல்லன்னா வண்டிய எடுத்துட்டுப் போங்க" என்றார். உடனே எதிர்வீட்டம்மா, "ஆமா, எங்க படி ரெண்டு ஏற்கெனவே உள்ள போயிடுச்சு" என்றார். அதன்பின் பேசாதவர் யாரும் பாக்கியில்லை. தெருவின் மிக உயரமான பேஸ்மட்டத்துக்குச் சொந்தக்காரர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகப் பேசினார். மேற்பார்வைக்கு வந்திருந்த பையன் போனை எடுத்து, சுரண்டும் மெஷின் எங்கே நிற்கிறது என்று விசாரிக்கத் தொடங்கினான்.