நம்ப முடியாத விலை

2008-ல் ஹைதராபாத் மெட்ரோ ரயிலுக்கு ஆந்திர அரசு டெண்டர் கோரியது. இத்தகைய திட்டங்களில் கட்டுபவர் அரசிடம் மானியம் கேட்பதுதான் வழக்கம், போட்டியாளர்களும் கேட்டார்கள். மேட்டாஸ் இன்ஃப்ரா தலைமையிலான குழு மட்டும் மானியமே வேண்டாம், ஒப்பந்தக் காலத்தில் தானே அரசுக்கு ரூ.30,311 கோடி தருவதாக எழுதிக் கொடுத்தது. வேலை அவர்களுக்கே போனது.

டெல்லி மெட்ரோவின் ஸ்ரீதரன் திட்டக் குழுவுக்குக் கடிதம் எழுதினார். பயணச்சீட்டு வருமானத்தில் இந்தக் கணக்கு நிற்காது, நிலத்தின் மீதுதான் கண் இருக்கிறது என்பது அவருடைய சந்தேகம். மாநில அரசு விலையை மறுபடி பார்க்கவில்லை. அவர் மீது அவதூறு வழக்குப் போடுவோம் என்றது. 2009 ஜனவரி 7 அன்று, மேட்டாஸை நடத்திய அதே குடும்பத்தின் சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு கணக்கு மோசடியை ஒப்புக்கொண்டார். ஏட்டில் காட்டிய ரூ.5,040 கோடி ரொக்கம் எங்குமே இல்லை. ஆண்டுதோறும் தணிக்கையாளர் கையெழுத்திட்ட ஏடுகள் அவை. மேட்டாஸால் மெட்ரோவுக்குக் கடன் திரட்ட முடியவில்லை; ஒப்பந்தம் ரத்தானது. மறு டெண்டரில் எல் அண்ட் டி ரூ.1,458 கோடி மானியம் கேட்டு வேலையை எடுத்தது. முதல் ரயில் ஓடியது 2017 நவம்பரில்.

இத்தகைய விலையை அதிகாரிகள் கேள்வி கேட்கத் தயங்குவதற்குக் காரணம் உண்டு. டெண்டரில் குறைந்த விலைக்காரரை, அதாவது எல்-1-ஐ, ஒதுக்கும் அதிகாரிக்குத் தணிக்கை ஆட்சேபணை, விஜிலன்ஸ் விசாரணை எல்லாம் காத்திருக்கும். அந்தப் பயம் வீணானதல்ல. வேண்டியவருக்கு வேலை போவதைப் பல இடங்களில் தடுத்தது இந்த எல்-1 விதிதான். ஆகவே பிடிக்காத விலையைத் தள்ளும் சுதந்திரத்தை அதிகாரிக்குக் கொடுக்கச் சொல்ல முடியாது. ஆனால், இந்த விலை எப்படிக் கட்டுபடியாகும் என்று எழுத்தில் கேட்பது அவருடைய கடமை. மத்திய அரசின் கொள்முதல் கையேடே, வழக்கத்துக்கு மாறாகக் குறைந்த விலைக்கு விரிவான கணக்கு கேட்க வழி வைத்திருக்கிறது. கேட்காமல் ஏற்பவர் பொதுப் பணத்தைக் காப்பாற்றவில்லை, சூதாட்டத்தில் வைக்கிறார். நியாயமாகக் கணக்குப் போட்டு விலை கொடுத்தவரைத் தண்டிக்கவும் செய்கிறார்.

அனுபவச் சான்று, மூன்றாண்டு வரவு செலவு அறிக்கை, வங்கியின் சால்வன்சி சான்றிதழ் என்று கோப்பு தடிமனாக இருப்பதாலேயே சோதனை முடிந்துவிட்டதாக ஆகாது. விலையையும் படிக்க வேண்டும். ஹைடெக் சிட்டியில் ஒரு அலுவலகம் காவலர்களுக்கு ஒப்பந்தம் கோருகிறது என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு இவ்வளவு என்று வரும் தொகையை அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பங்கு ஆகியவற்றோடு ஒப்பிட ஐந்து நிமிடம் போதும். கூட்டுத்தொகையைவிட விலை குறைவென்றால், இரவுப் பணிக்காரரின் சம்பளத்திலோ பி.எஃப். பணத்திலோதான் கை வைக்கப்படும். ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் வேலை வாங்கிய நிறுவனமே தர வேண்டும் என்கிறது சட்டம். அந்தப் பொறுப்பு, சம்பளம் வராத மாதத்தில் அல்ல, அந்த விலையை ஏற்றுக் கையெழுத்திடும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது.