இல்லாதவரின் இடம்

புதுச்சேரியில் மாலை 6 மணிக்குமேல் கடற்கரைச் சாலையில் வாகனங்களுக்கு அனுமதி இல்லாமையால், அவை பக்கத்துத் தெருக்களில் இடந்தேடி அலையும் வேளையில், சக்கர நாற்காலிச் சின்னம் தீட்டிய இடமொன்று காலியாகக் கிடக்கக் கண்டால், சிவப்புக் கெப்பித் தொப்பி அணிந்த காவலர் தெருமுனையில் இல்லாத பட்சத்தில், சத்புருஷர் என்று பெயரெடுத்தவரும் ‘ஐந்து நிமிஷந்தானே’ என்று தம் காரை அங்கே நிறுத்திவிடக் கூசுவதில்லை. அவரைத் திருடர் என்று எவரும் சொல்லார். உரியவர்தாம் அங்கே இல்லையே! கண்முன் இல்லாத ஒருவருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோமா என்பதே இதில் அடங்கிய தர்ம விசாரம்.

காலியாக இருப்பதே அவ்விடத்தின் பிரயோஜனம். கட்டட விதிகள் அதற்கு 3.6 மீட்டர் அகலம் வகுத்திருப்பது, கதவை முழுவதும் திறந்து, நாற்காலியை அருகே வைத்து, அதில் மாறி அமர்வதற்காகவே. சிதம்பரத்தில் திரை விலக்கிக் காட்டும் வெற்றுவெளியைக் கைகூப்பித் தொழும் நமக்கு, வெறுமைக்கும் ஓர் அர்த்தம் உண்டென்று எவரும் உபதேசிக்க வேண்டியதில்லை.

அவ்விடத்தைக் காக்கத் தரையில் புதைத்த உணரி, அலறும் மணி, வண்டி எண்ணைப் படிக்கும் காமிரா ஆகிய யாவும் தண்டநீதியின் நவீன ரூபங்களே. காவலரின் கெப்பியை அவை கம்பத்தின்மேல் ஏற்றி வைக்கின்றன, அவ்வளவுதான். மாஸ்கோவில் ‘டிஸ்லைஃப்’ என்ற அமைப்பினர் செய்தது வேறு ஜாதி. கார்க் கண்ணாடியில் அனுமதிச் சீட்டு ஒட்டப்படவில்லை என்று காமிரா கண்டுகொண்டதும், மெல்லிய நீர்த்திவலைத் திரையில் நாற்காலியில் அமர்ந்த மனிதர் ஒருவரின் உருவம் தோன்றிப் பேசுமாறு அமைத்தார்கள். 1968-இல் டென்மார்க் மாணவி ஒருவர் வரைந்த சக்கர நாற்காலிச் சின்னமும் முதலில் ஆளில்லாத நாற்காலியாகவே இருந்து, பின்னரே தலைக்கு ஒரு வட்டம் பெற்று மனிதனாயிற்று. மாஸ்கோ ஏற்பாட்டில் பயமுறுத்தல் இல்லை, தரிசனமே உண்டு. ஆகையால் என் மனம் இதன் பக்கமே சாய்கிறது.

ஆயினும் தரிசனமும் ஏமாற்றக்கூடும்; எல்லாக் குறையும் கண்ணுக்குத் தெரிவதில்லை. நம் நாட்டின் 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே அங்கீகரிக்க, 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை ஏற்றது. அவற்றுள் ஹீமோஃபிலியா போன்ற இரத்த நோயுடையவர் காரிலிருந்து நடந்தே இறங்கினால், ‘இவருக்கென்ன குறை?’ என்றே ஊர் கேட்கும். நம்மூரில் கால் இயலாதோர் பலர் காரிலும் வருவதில்லை. பக்கச்சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் வருகிறார்கள். நீர்த்திரை யந்திரத்தைத் தருவிக்குமுன், அந்த ஸ்கூட்டரை நிறுத்தி இறங்க ஓரிடத்தை வரைந்து தருமாறு நகராட்சியாரைக் கேட்பேன்.