பார்ப்பதும் பரப்புவதும் ஆகுமா?

முஸ்லிம்கள் அநியாயமாகக் கொல்லப்படும் காட்சி நம் கைப்பேசிக்கு வந்து சேருகிறது. அனுப்பியவர் நம் சகோதரர். துக்கத்தாலும் ரோஷத்தாலும் அனுப்பியிருக்கிறார். உலகம் அறியட்டும் என்பதே அவருடைய நிய்யத். அதை நாமும் பார்த்துப் பிறருக்கும் அனுப்பலாமா? நிய்யத் நல்லதாயிருக்கச் செயல் குற்றமாகுமா?

2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை. நியூஸிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரில், அந்நூர் பள்ளிவாசலிலும் லின்வுட் இஸ்லாமிய நிலையத்திலும் ஜும்ஆவுக்குக் கூடியிருந்தவர்களை வெள்ளை இனவெறி தலைக்கேறிய ஒருவன் சுட்டான். 51 பேர் ஷஹீதானார்கள். அந்தப் பாதகன் துப்பாக்கியோடு கேமராவையும் கொண்டு வந்திருந்தான். 17 நிமிடங்கள் ஃபேஸ்புக்கில் நேரடியாகக் காட்டினான்.

நேரடியாகப் பார்த்தவர்கள் 200 பேருக்கும் குறைவு. ஆனால் முதல் 24 மணி நேரத்தில் 15 இலட்சம் பிரதிகளை அகற்றியதாகவும், அவற்றுள் 12 இலட்சத்துக்கு மேற்பட்டவற்றை ஏற்றும்போதே தடுத்ததாகவும் அந்நிறுவனமே அறிவித்தது. இத்தனை பிரதிகளையும் ஏற்றியவர்கள் யார்? அவனுடைய ஆதரவாளர்கள் இருந்தார்கள். வேடிக்கை பார்ப்பவர்கள் இருந்தார்கள். கொலையைக் கண்டிக்க எண்ணியவர்களும் இருந்தார்கள். நிய்யத் மூன்று, விளைவு ஒன்றே. அவன் விரும்பியதும் அதுவே.

பின்னர் நடந்ததைக் கவனியுங்கள். 2022 மே 14 அன்று அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஒரு கடையில் கறுப்பின மக்கள் பத்துப் பேரைக் கொன்றவன், கிரைஸ்ட்சர்ச் கொலைகாரனையே தனக்கு முன்மாதிரியாக எழுதி வைத்திருந்தான். அவனும் நேரடியாகக் காட்டினான். சுடத் தொடங்கிய இரண்டு நிமிடங்களுக்குள் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. ஆயினும் பிரதி பரவிவிட்டது. அரசு தடுக்கலாம், இயந்திரம் தடுக்கலாம். மனிதன் கை நிற்காவிட்டால் என்ன பயன்?

"மறைத்தால் குற்றமே நடக்கவில்லை என்று சொல்லிவிடுவார்களே" எனச் சிலர் கேட்பார்கள். நியாயமான அச்சம்தான். ஆனால் சாட்சி சொல்வது வேறு, காட்சி காட்டுவது வேறு. கிரைஸ்ட்சர்ச் வழக்கில் உயிர் தப்பியவர்களும் உறவினரும் நீதிமன்றத்தில் எழுந்து பேசினார்கள். 2020 ஆகஸ்டு 27 அன்று விடுதலைக்கு வழியில்லாத ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அரச விசாரணைக் குழுவின் அறிக்கையும் வெளிவந்தது. அந்தக் காட்சியை வைத்திருப்பதும் பரப்புவதும் குற்றம் என்று அந்நாடு ஆக்கியது. உண்மை அதனால் மறைந்துவிடவில்லை.

உஹதுப் போரை நினைவுகூருங்கள். ஹம்ஸா (ரலி) அவர்களின் உடல் சிதைக்கப்பட்டிருந்தது. அவர்களின் சகோதரி ஸஃபிய்யா (ரலி) அந்தப் பக்கம் வருவதைக் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், அந்தத் தாய் அக்கோலத்தைக் காண்பதை விரும்பவில்லை. மகன் ஸுபைர் (ரலி) அவர்கள் ஓடிச் சென்று தடுத்தார்கள். ஸஃபிய்யா (ரலி) அவர்களோ கபனிட இரண்டு துணிகளைக் கொண்டு வந்திருந்தார்கள். மய்யித்துக்குச் செய்ய வேண்டிய கடமை அவர்களை அங்கே அழைத்து வந்தது.

புலன் விசாரிப்பவருக்கும் நீதிபதிக்கும் அப்படியொரு கடமை உண்டு. அவர்கள் பார்க்கத்தான் வேண்டும். கபன் துணி கையில் இல்லாத நாம் எதற்காகப் பார்க்கிறோம்? சுஜூதுக்கு வந்தவர்களின் கடைசி மூச்சு அவர்களின் அமானிதம். அதைக் கொலைகாரன் திருடினான். திருடிய பொருளை நாம் கைமாற்றலாமா? நிய்யத் நல்லதென்பதால் இது ஆகுமாகிவிடாது என்றே நாம் கருதுகிறோம்.

இன்னொன்றும் உண்டு. இக்காட்சிகளைத் திரும்பத் திரும்பக் காணும் நம் பிள்ளைகளின் உள்ளத்தில், ஒரு கொலைகாரன் மீதுள்ள வெறுப்பு ஓர் இனத்தின் மீதே படரும். ஒரு கூட்டத்தாரின் மீதுள்ள பகை நீதியிலிருந்து நம்மை விலக்கிவிடக் கூடாதென்பது ஸூரத்துல் மாயிதா கற்பிக்கும் பாடம். அடுத்த ஜும்ஆவில் அந்நூர் பள்ளிக்கு எதிரேயுள்ள பூங்காவில் ஆயிரக்கணக்கான நியூஸிலாந்து மக்கள் நம்மவரோடு துயரத்தில் நின்றார்கள். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

2019 மே 15 அன்று பாரிஸில் அரசுகளும் நிறுவனங்களும் கூடி 'கிரைஸ்ட்சர்ச் அழைப்பு' என்னும் உறுதிமொழியை ஏற்றன. நம் வீடுகளிலும் அதுபோன்ற ஓர் உறுதி வேண்டும். இத்தகைய காட்சி வந்தால் திறக்காதீர்கள். புகார் செய்து அழித்துவிடுங்கள். அனுப்பியவருக்கு மென்மையாக எடுத்துச் சொல்லுங்கள். பிறகு, இறந்தவர்களுக்காகக் கையேந்துங்கள்.

அல்லாஹுத் தஆலா அந்த ஷுஹதாக்களின் அந்தஸ்தை உயர்த்தி, நம் கண்களையும் கைகளையும் காத்தருள்வானாக! ஆமீன்.